ஒரு போல்ட்கூட எக்ஸ்ட்ரா கிடையாது! - லோட்டஸ் கார்களின் பிதாமகன் காலின் சாப்மேன் கதை

1962-ல் வந்த லோட்டஸ் எலான் என்ற ஸ்போர்ட்ஸ் காரின் பின்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் எட்டிப் பார்த்தால் ஒரு ஆச்சர்யம் காத்திருக்கும். பின் சக்கரங்களைச் சுற்ற வைக்கும் டிரைவ் ஷாஃப்ட்டின் இரண்டு முனைகளிலும் இரும்பு ஜாயின்ட் இருக்காது. அந்த இடத்தில் தடிமனான ஒரு ரப்பர் வளையம்தான் இருக்கும். வெளிநாட்டு ஓனர்கள் அதற்கு வைத்திருக்கும் செல்லப்பெயர் டோனட். நம்ம ஊர்க்காரர் பார்த்தால் மெதுவடை என்பார்.

மணிக்கு 180 கிலோமீட்டரைத் தாண்டி ஓடக்கூடிய ஒரு காரின் மொத்த சக்தியும் நாலு வடை வழியாகத்தான் ரோட்டுக்குப் போகிறது. யாருக்கு வரும் இந்த தைரியம்? காலின் சாப்மேனுக்கு வரும்!

ஃபார்முலா 1 ரேஸ் பார்ப்பவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். ரேஸ் பக்கமே போகாதவர்கள்கூட லோட்டஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். ஏழு முறை கன்ஸ்ட்ரக்டர்ஸ் சாம்பியன்ஷிப், ஆறு முறை டிரைவர்ஸ் சாம்பியன்ஷிப் என்று அள்ளிய டீமை உருவாக்கியவர். இன்றைய எஃப்1 கார்களின் உடம்பில் பாதி ஐடியா இவர் காலத்து லோட்டஸில் இருந்து வந்தது எனலாம். அதே சமயம், இவர் கார்களில் உட்கார பயந்த டிரைவர்களும் இருந்தார்கள். இந்த இரண்டுக்கும் காரணம் ஒன்றேதான். அது எடை!

ஹோட்டல்காரர் மகன்

அந்தனி காலின் புரூஸ் சாப்மேன் பிறந்தது 1928 மே 19, லண்டனை ஒட்டிய ரிச்மண்டில். அப்பா வடக்கு லண்டனின் ஹார்ன்ஸி பகுதியில் ரயில்வே ஹோட்டல் என்ற ஹோட்டலை நடத்தியவர். பையன் படித்தது லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில், ஸ்ட்ரக்சரல் இன்ஜினீயரிங். அதாவது பாலமும் கட்டடமும் கட்டுகிற படிப்பு. கார் டிசைனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். ஆனால் சாப்மேன் வாழ்க்கை முழுக்க காரை ஒரு பாலத்தைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார். எந்தக் கம்பி எவ்வளவு பாரம் தாங்குகிறது, எந்தக் கம்பி சும்மா நிற்கிறது என்பதுதான் அவரது முதல் கேள்வி. சும்மா நிற்பதைக் கழற்றிப் போட்டுவிட வேண்டும்.

காலேஜ் நாட்களிலேயே யுனிவர்சிட்டி ஏர் ஸ்குவாட்ரனில் சேர்ந்து விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். விமானத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டு. அந்தப் பாடமும் மண்டைக்குள் ஏறிவிட்டது.

பாக்கெட் மணிக்கு பழைய கார் பிசினஸ். லண்டன் வாரன் ஸ்ட்ரீட் அப்போது செகண்ட் ஹேண்ட் கார்களுக்குப் பேர்போன இடம். வாங்குவதும் விற்பதுமாக நல்லாத்தான் போனது. 1947 கடைசியில் பிரிட்டன் அரசு சாதாரண மக்களுக்கான பெட்ரோல் ரேஷனை நிறுத்தியது. பெட்ரோலே இல்லையென்றால் காரை யார் வாங்குவார்கள்? வியாபாரம் படுத்துவிட்டது. கைவசம் விலை போகாமல் தங்கியது பழைய ஆஸ்டின் செவன் ஒன்று.

அதைப் பிரித்து மேய்ந்தார். பழைய பாடியைத் தூக்கிப் போட்டுவிட்டு, விமானம் கட்டுகிற பாணியில் பிளைவுட்டும் அலுமினியமும் வைத்துப் புது பாடி கட்டினார். வேலை நடந்த இடம், அவர் காதலி ஹேசல் வில்லியம்ஸின் பெற்றோர் வீட்டுப் பின்னால் இருந்த சின்ன ஷெட். 1948-ல் அந்தக் கார் வெளியே வந்தபோது அதற்கு லோட்டஸ் என்று பெயர் வைத்தார். ஒரு ஆங்கிலேயர் தன் காருக்கு ஏன் தாமரை என்று பெயர் வைத்தார் என்பதை அவர் கடைசிவரை வெளியே சொல்லவில்லை.

25 பவுண்டு கம்பெனி

1952 ஜனவரி 1-ல் லோட்டஸ் இன்ஜினீயரிங் கம்பெனி ஆரம்பமானது. முதலீடு 25 பவுண்டு. அதுவும் ஹேசல் கொடுத்த கடன்! ஒர்க்‌ஷாப், அப்பாவின் ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயம். பகலில் பிரிட்டிஷ் அலுமினியம் கம்பெனியில் இன்ஜினீயர் வேலை, ராத்திரியில் கார். 1954-ல் காலினும் ஹேசலும் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

ஃபெராரி மாதிரி பெரிய இன்ஜின் வாங்க சாப்மேனிடம் காசு கிடையாது. அதனால் ரூட்டை மாற்றினார். சக்தியைக் கூட்டினால் கார் நேர் ரோட்டில் மட்டும்தான் வேகமாக ஓடும். எடையைக் குறைத்தால் வேகம் பிடிப்பது, பிரேக் பிடிப்பது, வளைவில் திரும்புவது என எல்லாமே மேம்படும். இதுதான் சாப்மேனின் மொத்த தத்துவம். 1957-ல் வந்த லோட்டஸ் செவன் இதற்கு நல்ல உதாரணம். கதவுகூட இல்லாத கார்! பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் வரியும் மிச்சம் என்பதால் இளைஞர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். அதன் வாரிசை கேட்டர்ஹாம் என்ற கம்பெனி இன்றைக்கும் தயாரித்துக்கொண்டிருக்கிறது.

ஒரே ஷாஃப்ட், ரெண்டு வேலை

இந்த இடத்தில் டிரைவ் ஷாஃப்ட் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். இன்ஜின் சக்தி கியர்பாக்ஸைத் தாண்டி டிஃபரன்ஷியலுக்கு வரும். அங்கிருந்து அதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டுதான் டிரைவ் ஷாஃப்ட். சிக்கல் என்னவென்றால், டிஃபரன்ஷியல் அசையாமல் இருக்கும். சக்கரமோ மேடு பள்ளத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். அதனால் ஷாஃப்ட்டின் முனைகள் மடங்க வேண்டும். நீளமும் கொஞ்சம் கூடிக் குறைய வேண்டும். நம்ம ஊர் மாருதி, ஹூண்டாய் கார்களில் இந்த வேலையைச் செய்வது சிவி ஜாயின்ட். ஸ்டீயரிங்கை முழுசா ஒடித்துத் திருப்பும்போது 'டக்... டக்...' என்று சத்தம் வந்தால் மெக்கானிக் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான்.

சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடாமல் பிடித்துக்கொள்ள, இன்னொரு இரும்புக் கையும் பின்பக்கம் தேவைப்படும். சாப்மேன் யோசித்தார். டிரைவ் ஷாஃப்ட்தான் ஏற்கெனவே காரையும் சக்கரத்தையும் இணைத்துக்கொண்டு நடுவில் நிற்கிறதே, பிடித்துக்கொள்ளும் வேலையையும் அதனிடமே கொடுத்தால் என்ன? ஷாஃப்ட்டின் நீளம் மாறாதபடி வைத்துவிட்டார். ஒரு பாகம் மிச்சம், அதன் எடையும் மிச்சம். இன்றைக்கும் இந்த அமைப்புக்கு சாப்மேன் ஸ்ட்ரட் என்றே பெயர். 1957-ல் வந்த லோட்டஸ் எலீட் காரின் பின்பக்கம் இதே டெக்னிக்தான். 1966-ல் வந்த யூரோப்பா காரிலும் ஷாஃப்ட்டுக்கு டபுள் டியூட்டிதான்.

ஐடியா அட்டகாசம். ஆனால் இதில் ஒரு வில்லங்கம் ஒளிந்திருக்கிறது. சாதாரண காரில் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட் தேய்ந்தால் சத்தம் வரும், அதிகபட்சம் வண்டி நிற்கும். இந்தக் கார்களில் ஜாயின்ட் தேய்ந்தால் சக்கரமே ஆட ஆரம்பிக்கும். ஒரு பாகம் ரெண்டு வேலை செய்தால், அது உடையும்போது ரெண்டு வேலையும் ஒரே நேரத்தில் போச்சு!

ஸ்பா கொடுத்த எச்சரிக்கை

1960 லோட்டஸுக்குப் பெரிய வருஷம். மொனாக்கோ கிராண்ட் ப்ரீயில் ஸ்டெர்லிங் மாஸ், ராப் வாக்கரின் தனியார் டீமுக்காக லோட்டஸ் 18 காரை ஓட்டி ஜெயித்தார். எஃப்1-ல் லோட்டஸ் காருக்கு அதுதான் முதல் வெற்றி.

அடுத்த மாதமே பெல்ஜியத்தின் ஸ்பா டிராக். பயிற்சியின்போது மாஸ் ஓட்டிய லோட்டஸின் பின் சக்கர அச்சு உடைந்து, சக்கரம் தனியாகக் கழன்று ஓடியது. காரிலிருந்து தூக்கி எறியப்பட்ட மாஸுக்கு இரண்டு கால்களும் முறிந்தன. அதே பயிற்சியில் இன்னொரு லோட்டஸ் 18-ஐ ஓட்டிய மைக் டெய்லருக்கு ஸ்டீயரிங் தண்டு உடைந்தது. கார் மரங்களுக்குள் பாய்ந்தது. அவருடைய ரேஸ் வாழ்க்கை அன்றோடு முடிந்தது. லோட்டஸ் மீது வழக்கு போட்டு ஜெயித்தார் டெய்லர்.

லோட்டஸ் வேகமானது, ஆனால் உடையக்கூடியது என்ற பேச்சு அப்போதே ரேஸ் உலகில் பரவிவிட்டது. சாப்மேன் பாதையை மாற்றிக்கொள்ளவில்லை. கார்கள் ஜெயித்துக்கொண்டே இருந்தன. ஜெயிக்கிறவரிடம் யார் கேள்வி கேட்பது?

எலானும் ரப்பர் வடையும்

1962-ல் வந்த எலான், லோட்டஸின் ரோடு கார்களில் பலருக்கும் ஃபேவரைட். முதுகெலும்பு மாதிரி நடுவில் ஒரு ஸ்டீல் சேஸிஸ், மேலே ஃபைபர் கிளாஸ் பாடி. எடை கிட்டத்தட்ட நம்ம பழைய மாருதி 800 அளவுதான். ஆனால் இன்ஜின் 1,558 சிசி, சுமார் 105 குதிரை சக்தி. பிற்காலத்தில் மாஸ்டா கம்பெனி எம்எக்ஸ்-5 காரை டிசைன் செய்தபோது முன்மாதிரியாக எடுத்துக்கொண்ட கார்களில் முக்கியமானது இது.

எலானில் சாப்மேன் டீம் ஷாஃப்ட்டின் டபுள் டியூட்டியை ரத்து செய்துவிட்டது. சக்கரத்தைப் பிடிக்க கீழே தனியாக ஒரு கை வந்துவிட்டது. ஷாஃப்ட்டின் முனைகளில் ரோட்டோஃப்ளெக்ஸ் என்ற ரப்பர் கப்ளிங்குகள். மடங்குவது, நீள்வது, அதிர்ச்சியை விழுங்குவது என மூன்று வேலையையும் ரப்பரே பார்த்துக்கொள்ளும். கிரீஸ் வேண்டாம், விலையும் குறைவு, எடையும் குறைவு. பக்கா சாப்மேன் ஸ்டைல்!

இந்தக் கப்ளிங்கில் ஆறு ஓட்டைகள். ஒன்று விட்டு ஒன்றாக மூன்று போல்ட்கள் ஒரு பக்கத்தைப் பிடிக்கும், மீதி மூன்று ஷாஃப்ட்டைப் பிடிக்கும். நடுவில் இரும்பும் இரும்பும் தொட்டுக்கொள்ளவே செய்யாது. அதனால் கிளட்ச்சைச் சட்டென்று விட்டால் ரப்பர் முதலில் முறுக்கிக்கொண்டு, பிறகு ஸ்பிரிங் மாதிரி விரியும். கார் முன்னும் பின்னுமாகக் குலுங்கிவிட்டுத்தான் கிளம்பும். எலான் ஓட்டுகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, காலை மெதுவாக எடுக்கும் பழக்கம்.

ரப்பருக்கு ஆயுள் உண்டு. வருஷம் ஆக ஆக விரிசல் விடும். கவனிக்காமல் விட்டு, ஓடும்போது கப்ளிங் கிழிந்தால் கதை கந்தல். வேகமாகச் சுழலும் ஷாஃப்ட் ஒரு முனை பிடிமானம் இல்லாமல், சாட்டை மாதிரி சுற்றிலும் இருப்பதை அடித்து நொறுக்கும். பக்கத்தில் இருப்பது சேஸிஸ், பிரேக் பைப், ஃபைபர் பாடி. அதனால்தான் எலான் வைத்திருப்பவர்கள் அடிக்கடி காருக்கு அடியில் டார்ச் அடித்து, ரப்பரில் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

விரிசல் தெரிந்தால் ஷாஃப்ட்டைக் கழற்றியாக வேண்டும். பின்பக்கத்தைத் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்தைக் கழற்ற வேண்டும். பிறகு ஷாஃப்ட்டின் இரண்டு பக்கத்துப் போல்ட்களையும் எடுத்தால் ஷாஃப்ட் கையோடு வந்துவிடும். கேட்க சிம்பிள். ஆனால் ஸ்பேனர் நுழையவே இடம் இருக்காது. அதோடு ரப்பர், இறுக்கி அமுக்கிய நிலையில்தான் உள்ளே உட்கார்ந்திருக்கும். அது விரிய முயற்சி செய்து போல்ட்டை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருப்பதால் போல்ட் வெளியே வர அடம்பிடிக்கும். இதற்கு ஒரு டெக்னிக் உண்டு. பெரிய சைஸ் ஹோஸ் கிளிப்பை ரப்பரைச் சுற்றி மாட்டி இறுக்கினால், ரப்பர் சுருங்கி போல்ட் லூஸாகும்.

கழற்றிய ஷாஃப்ட்டைச் சுத்தம் செய்து, வளைந்திருக்கிறதா, போல்ட் ஓட்டைகள் தேய்ந்து முட்டை வடிவம் ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதுக் கப்ளிங் வரும்போதே அதைச் சுற்றி ஸ்டீல் பட்டை கட்டியிருக்கும். அவசரப்பட்டு அதை முதலில் வெட்டிவிட்டால் வேலை கெட்டது; ரப்பர் விரிந்துகொள்ளும், ஓட்டைகள் ஒன்றோடொன்று சேராது. எல்லா போல்ட்டையும் மாட்டி, புது லாக் நட் போட்டு இறுக்கின பிறகுதான் பட்டையை வெட்ட வேண்டும். ஒரு பக்கம் போனால் மற்றதும் வயதானதுதான் என்பதால், நாலையும் சேர்த்து மாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

இவ்வளவு பாடு எதற்கு என்று சிலர் ரப்பருக்கு முழுக்குப் போட்டுவிட்டு, இரும்பு சிவி ஜாயின்ட் வைத்த ஷாஃப்ட்டை மாட்டிக்கொள்கிறார்கள். கிளட்ச் விடும்போது குலுக்கலும் இருக்காது, கிழியும் என்ற பயமும் இருக்காது. ஆனால் எலானின் அந்த மெத்தென்ற குணம் கொஞ்சம் குறையும் என்று ரப்பர் கட்சிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

உச்சமும் சோகமும்

எலான் வந்த அதே 1962-ல்தான் லோட்டஸ் 25 ரேஸுக்கு வந்தது. குழாய்களை வெல்டிங் செய்து ஃபிரேம் கட்டும் பழக்கத்தை விட்டுவிட்டு, விமானம் போல உடம்பையே சேஸிஸ் ஆக்கிய எஃப்1 கார். ஜிம் கிளார்க் என்ற ஸ்காட்லாந்து விவசாயி அதில் உட்கார்ந்து 1963-ல் உலக சாம்பியன் ஆனார். 1965-ல் லோட்டஸ் 33-ல் மறுபடியும் சாம்பியன். அதே வருஷம் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 ரேஸும் லோட்டஸ் வசம். 1967-ல் வந்த லோட்டஸ் 49-ல் இன்ஜினையே சேஸிஸின் ஒரு பகுதியாக்கினார் சாப்மேன். இங்கேயும் ஒரு பாகம், ரெண்டு வேலை! முதல் ரேஸிலேயே வெற்றி. தன் டிரைவர் ஜெயித்தால் தலையில் இருக்கும் கறுப்புத் தொப்பியைக் கழற்றி ஆகாயத்தில் வீசுவது சாப்மேனின் டிரேட் மார்க்.

1968 ஏப்ரல் 7-ல் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் டிராக்கில் நடந்த ஃபார்முலா 2 ரேஸில் கிளார்க் இறந்துபோனார். சாப்மேனுக்கு அவர் நெருங்கிய நண்பரும்கூட. அந்த இழப்பில் இருந்து சாப்மேன் முழுசா மீளவே இல்லை என்பார்கள்.

அடுத்து வந்த நட்சத்திரம் ஜோச்சன் ரிண்ட். 1969 ஸ்பெயின் ரேஸில் ரிண்ட், கிரஹாம் ஹில் இருவரின் லோட்டஸ்களிலும் உயரமான பின் விங்குகள் முறிந்தன. இரண்டு கார்களும் மோதின. காயத்தோடு படுத்திருந்த ரிண்ட், சாப்மேனுக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்கள் கார்கள் ஏற்கெனவே போதுமான வேகத்தோடு இருக்கின்றன, பலவீனமான பாகங்களைக் கெட்டிப்படுத்த சில பவுண்டு எடையைக் கூட்டினால் ஒன்றும் குறைந்துவிடாது, நம்பிக்கை வந்தால்தான் என்னால் ஓட்ட முடியும் என்பதுதான் அதன் சாரம்.

1970-ல் வந்தது லோட்டஸ் 72. ஆப்பு மாதிரி கூர்மையான உடம்பு. இதில் முன் பிரேக்குகள் சக்கரத்தில் இல்லை, காரின் உடம்புக்குள் இருந்தன. சக்கரத்தின் எடை குறையும் என்பது கணக்கு. பிரேக்கையும் சக்கரத்தையும் இணைத்தது ஒரு ஷாஃப்ட். ரிண்ட் அந்த வருஷம் ஐந்து ரேஸ்களை ஜெயித்து, சாம்பியன்ஷிப்பில் முன்னணியில் இருந்தார்.

செப்டம்பர் 5, இத்தாலியின் மோன்ஸா டிராக். பயிற்சியில் வேகமாக வந்து பிரேக் பிடித்தபோது, வலது முன்பக்க பிரேக் ஷாஃப்ட் உடைந்தது. கார் இழுத்துக்கொண்டு போய்த் தடுப்பில் மோதியது. தடுப்பு சரியாகப் பொருத்தப்படவில்லை, ரிண்ட் தன் சீட் பெல்ட்டின் கீழ் பட்டைகளையும் மாட்டியிருக்கவில்லை. அவர் உயிர் பிழைக்கவில்லை. மீதி ரேஸ்களில் யாராலும் அவருடைய பாயின்ட்டுகளைத் தாண்ட முடியாததால், இறந்த பிறகு உலக சாம்பியன் ஆனார் ரிண்ட். எஃப்1 வரலாற்றில் அப்படி ஆன ஒரே டிரைவர் அவர்தான்.

அதே லோட்டஸ் 72 அதற்குப் பிறகும் பல வருஷம் ஓடியது. 1972-ல் எமர்சன் ஃபிட்டிபால்டிக்கு சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தது.

கடைசி அத்தியாயம்

சாப்மேனின் மூளை ஓயவில்லை. காரின் அடிப்பக்கக் காற்றைப் பயன்படுத்தி, காரை ரோட்டோடு உறிஞ்சி ஒட்ட வைக்கும் கிரவுண்ட் எஃபெக்ட்டை எஃப்1-ல் ஜெயிக்க வைத்தது அவருடைய டீம். அதோடு 1978-ல் மரியோ ஆண்ட்ரெட்டி உலக சாம்பியன். ஆனால் அந்த வருஷமும் மோன்ஸா விடவில்லை. ரேஸ் தொடங்கியதும் நடந்த கூட்டு மோதலில் படுகாயமடைந்த லோட்டஸ் டிரைவர் ரோனி பீட்டர்சன், மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார்.

அடுத்தது டிலோரியன் விவகாரம். 'பேக் டு தி ஃபியூச்சர்' படத்தில் காலம் தாண்டிப் பறக்குமே, அந்தக் காரேதான். அதை இன்ஜினீயரிங் செய்து கொடுத்தது லோட்டஸ். வட அயர்லாந்தில் அந்தக் காரைத் தயாரிக்க பிரிட்டன் அரசு பணம் கொட்டியது. அதில் லோட்டஸ் வேலைக்கு என்று போன கோடிக்கணக்கான டாலர், வெளிநாட்டு கம்பெனி ஒன்றின் வழியாகக் காணாமல் போனது. விசாரணை சூடுபிடிக்கும் முன்பே, 1982 டிசம்பர் 16-ல் மாரடைப்பால் இறந்தார் சாப்மேன். வயது 54. பத்து வருஷம் கழித்து லோட்டஸின் நிதியைக் கவனித்த ஃப்ரெட் புஷெல் அந்த மோசடி வழக்கில் ஜெயிலுக்குப் போனார்.

பெயர் மட்டும் சாகவில்லை. 1985-ல் ஏர்டன் சென்னா தன் முதல் எஃப்1 வெற்றியை லோட்டஸில்தான் பெற்றார். 2011-ல் வேறு முதலாளிகள் டீம் லோட்டஸ் என்ற பெயரில் நடத்திய டீமில், நம்ம சென்னைப் பையன் கருண் சந்தோக் ஜெர்மன் கிராண்ட் ப்ரீயில் கார் ஓட்டினார்.

சாப்மேன் மேதையா, ஆபத்தானவரா என்று கேட்டால் இரண்டுமே உண்மைதான். அவர் மிச்சம் பிடித்த ஒவ்வொரு கிலோவும் கோப்பையாக மாறியது. அந்தக் கணக்கு தப்பானபோது விலை கொடுத்தது காருக்குள் உட்கார்ந்திருந்தவர். இன்றைக்கு ஒரு எலான் ஓனர் ரப்பரைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் கனமான இரும்பு ஜாயின்ட்டை மாட்டுகிறார் என்றால், அவர் செய்வது வேறொன்றுமில்லை. ரிண்ட் கடிதத்தில் கேட்ட அந்தச் சில பவுண்டு எடையைக் காருக்குத் திருப்பிக் கொடுக்கிறார்.